கீழ்வீட்டிலிருந்து வந்த வாழைக்காய்

ஏழு வயதில் எங்கள் வீட்டில் எனக்குப் பெரிய உத்தியோகம் ஒன்று இருந்தது. மின்சாரக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தாலும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் கதவைத் தட்டினாலும், அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். நான் நடுவில் போய் நின்றுகொண்டு, அவர்கள் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழிலும் அப்பா தமிழில் சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் மொன்றியலுக்கு வந்த புதிதில் ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொற்களோடு வீடு திரும்பியவர்கள். நானோ கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில், நடக்கப் பழகிய வயதிலேயே அந்த மொழியில் சண்டை பிடிக்கவும் பழகியவள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? அந்தத் தலைக்கனத்தோடு நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாங்கள் அப்போது கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தோம். எங்களுக்கு நேர்கீழே புருண்டியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகளோடு குடியிருந்தார். அவரை நான் கீழ்வீட்டு அன்ரி என்பேன். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை அவருக்கு. அப்பா மத்தியானமே டோர்வல் விமான நிலையத்துக்குப் போய்விடுவார்; விமானங்களுக்கு ஏற்றும் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிகளில் அடுக்குவது அவர் வேலை. அம்மா பின்னேரங்களில் அலுவலகம் துப்புரவாக்கப் போவார். அதனால் பள்ளிக்கூட பஸ் என்னை இறக்கிவிட்டதும் நான் ஏறுவது கீழ்வீட்டுக்குத்தான். அன்ரியும் அம்மாவும் படியில் கண்டால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்கு மேல் கதைக்க வேண்டுமென்றால் நான் வேண்டும்.

அம்மாவுக்கு எட்டு மாதம் ஆனபோது, பிள்ளைப்பேறு பார்க்கவென்று ரொறன்ரோவிலிருந்து மாமி வந்து இறங்கினார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் அவருடைய உடுப்பு, மற்றதில் முழுக்கச் சரக்கு. மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்த தூள், நல்லெண்ணெய், உள்ளி, சுறாக் கருவாடு. பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் சரக்குக் கறி கொடுத்துப் பத்தியம் காப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வயிற்றின் வடிவத்தைப் பார்த்தே ஆண்பிள்ளை என்று மாமி தீர்ப்பும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் 'தம்பி' என்றே சொன்னார்கள். நானும் தம்பிக்கென்று என் பழைய பொம்மைகளில் உடைந்தவற்றையாகப் பார்த்து ஒதுக்கி வைத்தேன்.

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளை அசையவில்லை என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்று எனக்கு யாரும் சொல்லாததை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இறந்த பிள்ளையை அம்மா ஒன்றரை நாள் நோவுபட்டுப் பெற்றார்.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு. தம்பி எங்கே என்று கேட்டேன். தம்பி பேந்து வருவான் என்றார் மாமி. ஆஸ்பத்திரியில் ஏதோ வரிசை போலிருக்கிறது, எங்கள் முறை இன்னும் வரவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். மாமி இன்னொன்றும் சொன்னார்.

"ஆரும் கேட்டா அம்மாவுக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்கக்கூடாது, விளங்குதோ?"

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை, என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் வெளியே போனார். மத்தியானம் வந்தவர் யாரையும் பாராமல், உடுப்போடு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். கிட்ட வராதே, தொடாதே என்று உள்ளேயிருந்து கத்தினார். என்னில் கோபம் என்று நினைத்து அழுதேன். பச்சைக்குழந்தையை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதை அவர் தனியாகப் போய்ச் செய்துவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

தம்பிக்கென்று வாங்கி வைத்திருந்த தொட்டிலை யாரோ வந்து எடுத்துப் போனார்கள். சரக்குத் தூளை மாமி பொலித்தீன் பைக்குள் கட்டித் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்தியச் சாப்பாடு என்ற பேச்சே இல்லை. அம்மாவுக்குப் பாண் துண்டும் தேத்தண்ணியும் ரின்னில் அடைத்த சூப்பும் போனது. மாமி கெட்டவர் இல்லை. சரக்குக் கறி கொடுத்தால் பால் சுரக்கும், சுரந்தால் யார் குடிப்பது என்று ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். பிள்ளை பிறந்த அடையாளம் எதுவும் கண்ணில் படாவிட்டால் அம்மா சீக்கிரம் மறந்துவிடுவார் என்பது அவருடைய கணக்கு. ஆனால் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும் ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டேன், நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது என்றார். அடுப்பங்கரையில் இரண்டு பெட்டி இருந்தது எனக்குத் தெரியும்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கொண்டுபோன தட்டு அப்படியே திரும்பி வரும். ஒருநாள் அம்மாவின் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார் என்று நினைத்துத் துவாய் எடுத்துக்கொடுத்தேன். அதை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். அன்று இரவு அப்பா மாமியிடம், இப்படியே சாப்பிடாமல் இருந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதாகச் சொன்னார். ஒருமுறை போனதற்கே அம்மா இப்படித் திரும்பி வந்திருந்தார். இரண்டாம் முறை போனால் என்ன மிஞ்சும் என்று பயந்தேன்.

மாமி வந்த பிறகும் பள்ளிக்கூடம் விட்டால் நான் முதலில் போவது கீழ்வீட்டுக்குத்தான். அடுத்த நாள் அங்கே அன்ரி, அம்மாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். நான் மாமி சொல்லித்தந்தபடி, அம்மாவுக்கு வயிற்றுக்குத்து என்றேன். நல்ல பிரெஞ்சில்தான் சொன்னேன். அன்ரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறொன்று கேட்டார்: உன் மாமி அம்மாவுக்கு என்ன சமைத்துக் கொடுக்கிறார்? பாண் என்றேன், சூப் என்றேன். வேறு? வேறொன்றுமில்லை. அம்மா சாப்பிடுவதில்லை என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லக்கூடாது என்று யாரும் தடுத்திருக்கவில்லை.

புதன்கிழமை நான் பஸ்சால் இறங்கி வந்தபோது அவருடைய சமையலறை மேசை நிறைய வாழைக்காய் கிடந்தது. விடிய வேலை முடிந்து படுக்காமல் நேரே ஜான்-டலோன் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். கூடவே இரண்டு பிடி கீரை. பார்த்தால் எங்கள் தண்டுக்கீரைதான், அவர் வேறு பெயர் சொன்னார். நான் உதவி செய்யப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். கைக்கு எண்ணெய் பூசிவிட்டு ஒரு காயைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் வாழைக்காயின் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவுவார்கள். அன்ரி காயின் நீளத்துக்குக் கத்தியால் கீறி, தடித்த தோல் முழுவதையும் உரித்து, வெள்ளையாக முழுக்காயை உப்புத் தண்ணீரில் போட்டார். எனக்கு உரிக்க வரவில்லை. காயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மல்லுக்கட்டினேன். ஒரு காய்க்கு நான் கால்மணி நேரம் எடுக்க, அவர் பத்துக் காய் முடித்திருந்தார்.

சிவப்பு அவரைக்கொட்டை முன்பே அவிந்து கிடந்தது. பெரிய சட்டியில் செக்கச் சிவந்த பாம் எண்ணெயை விட்டு, வெங்காயம் வதக்கி, தக்காளியும் கரட்டும் சிறிய வெள்ளைக் கத்தரிக்காயும் போட்டார். அதன்மேல் வாழைக்காய்களை முழுதாக அடுக்கி, கொட்டையைக் கொட்டி, தண்ணீர் விட்டு மூடினார். கீரையை மூன்று தண்ணீரில் அலசும் வேலை எனக்கு. கடைசியில் அதையும் மேலே பரப்பி, நெருப்பைக் குறைத்தார். மிளகாய்த்தூள் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். போடமாட்டேன் என்றார். தூள் போடாத கறியை யார் சாப்பிடுவார்கள் என்று எனக்குள் இளக்காரமாக இருந்தது.

அது வேகும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அன்ரி சொன்னார்: எங்கள் அம்மா வீட்டில் பெற்றவளுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பார்கள், நான் நாலு பெற்றேன், நாலு தடவையும் சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்து அவருக்கு இரண்டு பிள்ளைகள். மற்ற இரண்டு பேரும் எங்கே என்று கேட்டேன். அம்மா வீட்டுக்குப் பின்னால், வாழைகளுக்குள் இருக்கிறார்கள் என்றார். அப்படியென்றால் அவர்களுக்கு ஏன் இன்னும் ஸ்பொன்சர் போடவில்லை என்று கேட்டேன். எங்கள் ஆட்களில் ஊரில் விட்டுவந்தவர்களை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் போடுவதுதான் வழக்கம். அன்ரி மூடியைத் திறந்து வாழைக்காயை அகப்பையால் குத்திப் பார்த்தார். வெந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் நாலரைக்கு மாமி மூலையில் இருக்கும் தெப்பனேருக்குப் பாண் வாங்கப் போவது வழக்கம். அந்தப் பெட்டிக்கடைக்குப் போய்வர ஐந்து நிமிடம் போதும். மாமி முக்கால் மணித்தியாலம் எடுத்துக்கொண்டு, கண் சிவந்து வந்து, குளிர்காற்று என்பார். அந்த நேரம் பார்த்து நான் கிண்ணத்தை மேலே கொண்டுபோனேன். பிள்ளையின் தாய்க்கு என்று சொல்லிக் கொடு என்று அன்ரி சொல்லியிருந்தார். பிள்ளையைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். நான் இரண்டு பேரையும் சமாளித்தேன்.

"கீழ்வீட்டு அன்ரி தந்தவ."

"என்னத்துக்காம்?"

"சும்மாதான்."

அம்மா எழுந்து இருந்தார். கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோனார். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, வாழைக்காயை விரலால் நசித்துக் கொட்டையோடும் கீரையோடும் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு அடுத்தடுத்து நிறுத்தவில்லை. கண்ணால் ஓடியதைத் துடைக்காமல், மூச்சு வாங்க வாங்கச் சாப்பிட்டு, கிண்ணத்தின் அடியையும் வழித்தார். எனக்கு ஒரு வாய் தருவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நான் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. சந்தோசமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வியாழனும் வெள்ளியும் அப்படியே நடந்தது. பாண் திரும்பி வருவதைக் கண்டு மாமி தலையில் கைவைத்தார்.

சனிக்கிழமை மாட்டிக்கொண்டேன். என் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்க்க எடுத்த மாமி, நெஞ்சிலும் கையிலும் கறுப்புக் கறையைக் கண்டார். வேறு யாரும் என்றால் மை என்று விட்டிருப்பார்கள். மாமி ஊரில் வாழைத்தோட்டத்துக்குள் வளர்ந்தவர்.

"இது வாழைக்கயர் எல்லோ? எங்கை பிடிச்சனி இதை?"

சட்டைக்காக எனக்கு அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு அம்மாவாவது ஒன்றாவது. நான் சாப்பிடவில்லை, எல்லாம் அம்மாதான் சாப்பிட்டவ என்று காட்டிக்கொடுத்தேன். கிண்ணம், நேரம், மூன்று நாள், ஒன்றையும் விடவில்லை. அது பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாடாம் என்பதையும், தெரிந்த விசயத்தைச் சொல்கிற பெருமையோடு சேர்த்துக்கொண்டேன். மாமி நனைந்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் அறை வாசலுக்குப் போனார்.

"பச்சை உடம்புக்காரி வாழைக்காய் தின்னுறதோ? வாய்வு ஏறினா என்ன செய்வாய்? உயிரெல்லோ போகும்!"

பெற்று நாளாகாத உடம்பைத்தான் எங்கள் ஆட்கள் பச்சை உடம்பு என்பார்கள். வாழைக்காய் வாய்வு, அந்த உடம்புக்கு ஆகவே ஆகாது. பதறிப்போய் மாமி சொன்னது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு ஓரிரு சொல்லுக்கு மேல் பேசாத அம்மா, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

"பச்சை உடம்பு எண்டு இப்பதான் உங்களுக்குக் கண் தெரிஞ்சுதோ மச்சாள்? அப்ப அந்தச் சரக்கை ஏன் கட்டி வைச்சனீங்கள்?"

மாமி வாசற்படியிலேயே இருந்துவிட்டார். சட்டையிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா முன்னறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் பேருக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கத் தெரிந்தவருக்கு இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் வழி தெரியாத மனிதர் வெளியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கீழ்வீட்டிலிருந்து சாப்பாடு வருவதை நிற்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை, ஒரு பிஸ்கட் பக்கற்றை அதற்குள் வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்ரி கதவைத் திறந்ததும் நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அப்பா அன்ரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லு பிள்ளை. மெத்தப் பெரிய உதவி. ஆனா இனிமேல் வேண்டாம். எங்கட வீட்டில பிள்ளை ஒண்டும் பிறக்கேல்லை எண்டு சொல்லு."

நான் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல், தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அன்ரி கிண்ணத்தை வாங்கக் கை நீட்டவில்லை. எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பினேன். அம்மா இரவுச் சட்டையோடு, செருப்பில்லாமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி படியில் நின்றார்.

"பிறந்தது எண்டு சொல்லு," என்றார் என்னைப் பார்த்து.

ஒரு வேலைக்கு இரண்டு எசமான் என்றால் என்ன செய்வது? அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பிஸ்கட் பக்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டும் சொல்லு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. தம்பி இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த பொம்பிளைப் பிள்ளை என்றால் அது நான்தானே. அப்பா வாய்தவறி என்னை மறந்துபோனதற்குத்தான் அம்மா கோபித்துக்கொண்டு இவ்வளவு தூரம் படியிறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவில் அன்பு பொங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிறந்தது, பெண்பிள்ளை என்று பிரெஞ்சில் சொன்னேன். அப்பா அப்படியே படியில் குந்திவிட்டார்.

அன்ரி என்னைத் தாண்டிப்போய் அம்மாவுக்கு இரண்டு படி கீழே நின்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைக்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி. என்னுடைய பெயர் இவ்வளவு காலமும் தெரியாமலா என்னை வைத்துப் பார்த்தார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பதில் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், பின்னால் நின்றபடியே என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

"என்ன பிள்ளை கேட்டவ?"

"ஒண்டுமில்லையம்மா, என்ர பேரைக் கேட்டவ," என்றேன்.